பதினேழாவது ஆள்

படிவத்தில் முப்பத்தொரு கேள்வி.
நான் மொழிபெயர்க்க வந்தவள். நாட்கூலி.
மத்தியானச் சோறு கொம்பனி தரும்; கறியில் நண்டு வராது.

நாவாந்துறைக்கு அங்கால்
கடல் வற்றிச் சேறு மணக்கிற பக்கம்
நீலத் தகரக் கூரை.
உள்ளே ஐம்பத்திரண்டு பெண்கள்,
வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி,
கண்கள் மட்டும் வேறு வேறு ஊர்.

அவித்த நண்டை உடைத்துச்
சதையைத் தும்பு தும்பாய் எடுக்கிறார்கள்.
முழுத்துண்டு ஒரு தட்டில், உதிரி ஒரு தட்டில்.
ஓட்டுச் சில் ஒன்று கிடந்தால் அன்றைய காசில் கழிவு:
கண்காணாத் தேசத்து மேசையில்
எவருடைய பல்லும் நெருடக் கூடாது.

வாங்குகிற கொம்பனி அனுப்பிய மனுசர் நல்லவர்.
மெல்லக் கேட்டார். நானும் மெல்லச் சொன்னேன்.
விரும்பித்தான் வேலை செய்கிறீர்களா?
ஓம்.
நினைத்த நேரம் விட்டுவிட்டுப் போகலாமா?
ஓம்.

கேட்டது விளங்கியது என்கிற ஓம்,
மேற்பார்வை அண்ணை கதவடியில் நிற்கிறார் என்கிற ஓம்,
கெதியாய் விடு தங்கச்சி, தட்டு நிரம்பவில்லை என்கிற ஓம்.
எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே சொல்தான் இருந்தது.
போன வருசமும் நான்தான் வந்தேன்.
எல்லாம் சரி என்றுதான் போனது அறிக்கை.

பதினேழாவதாய் மரியகொறற்றி.
அவள் ஓம் சொல்லவில்லை.
"போறதெண்டால், எவ்வளவோட போறது?"

அவர் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.
நான் மொழிபெயர்க்காமல்,
"எவ்வளவு அக்கா?" என்றேன்.
படிவத்தில் அப்படியொரு கேள்வி இல்லை.

மகளின் ஒப்பரேசனுக்கு
ஆள்பிடிக்கிற நிக்சன் தந்த முற்பணம் எண்பதாயிரம்.
விடுதிக்கு, வானுக்கு, கையுறைக்கு என்று
கிழமைக்குக் கிழமை கழித்து
இரண்டு வருசத்தில் அது ஒரு லட்சத்துப் பத்து.
"நண்டுக்குக் கால் ஒடிஞ்சால் முளைக்குமெல்லே,
அப்பிடித்தான்.
கழிக்கக் கழிக்க முளைக்குது."

அடையாள அட்டை?
அது நிக்சனிட்ட, பிஸ்கட் பேணிக்குள்ள.
எல்லாற்றையும்.

நிக்சன் எங்கட ஆளில்லை என்றார் மனேஜர்.
உண்மைதான்.
சம்பளத்தாளில் கையெழுத்துகள் வரிசையாய் இருந்தன.
ஐசை விடச் சுத்தமான தாள்.

பின்னேரம் படலையடியில், றப்பர் சப்பாத்தோடு ஓடி வந்தாள்.
"வாங்கிறதை நிப்பாட்டிப் போடாதேங்கோ எண்டு சொல்லு.
ஐம்பது வீட்டில அடுப்பு நூந்துபோம்.
நிக்சன்ர கொப்பியை நிப்பாட்டச் சொல்லு."
இதை மட்டும் சொல்லுக்குச் சொல் மாற்றினேன்.
கொப்பிக்கு அவருடைய மொழியில் நாலைந்து பெயர் உண்டு.
ஒன்றிலும் மீன் எண்ணெய்க் கறை இல்லை.

சோளகம் தொடங்கியபின் மறுபடி போனோம்.
ஆள்பிடிக்கிற செலவை இனி வாங்குகிறவன் கட்டுவான்,
வேலைக்கு எடுப்பது கொம்பனி நேரே.
கடனில் பாதி போனது. மற்றப் பாதிக்கு
இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
நிக்சன் இப்போது மன்னார்ப் பக்கம்
இறால் பண்ணைக்கு ஆள் சேர்க்கிறானாம்.

மேசையில் பேணியைத் திறந்தார்கள்.
ஒவ்வொருத்தியாய் வந்து
தன் முகத்தை எடுத்து ஏப்ரனில் துடைத்தாள்.
மரியகொறற்றி தன்னுடையதை மணந்து பார்த்து,
"மாரி பிஸ்கட்" என்று சிரித்தாள்.

அடியில் ஒன்று மிஞ்சியது.
லோகேஸ்வரி, நோர்வூட். பிறந்தது இரண்டாயிரத்து ஐந்து.
படத்துக்காக எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை.
தைப்பொங்கலுக்கு முன் ஓர் இரவு
மதிலேறிப் போனவள் என்றாள் ஒருத்தி.
அட்டை இல்லாமலா?
அட்டை இல்லாமல்தான்.

என்ன எழுதுவது என்று அவர் கேட்டார்.
நான் பெயரை உரத்து வாசித்தேன்,
பள்ளிக்கூட இடாப்பு வாசிப்பதுபோல், இரண்டு தரம்.
கத்திகள் கொஞ்சம் நின்றன.
பிறகு, நண்டு இளகிவிடும் என்பதால்,
தொடர்ந்தன.